முந்தின இரவும் ஆடிய என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணிக்கு எதிராகப் பந்தயம் கட்டினால் லாபம் வருமா?

வராது. களைப்பு பொய் என்பதால் இல்லை, அது ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால்.

கேள்வியைப் பார்த்தால், காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து, 'இவர்கள் நேற்றும் ஆடினார்கள், இன்று கால் நகராது' என்று கண்டுபிடித்தவர் போலத் தெரிகிறீர்கள். சரிதான். ஆனால் அட்டவணை வழக்கமாக ஆகஸ்டிலேயே வந்துவிடுகிறது. ஓர் அணியின் 82 ஆட்டங்களில் எவை பேக் டு பேக் (அடுத்தடுத்த இரவு ஆட்டங்கள்) என்பது லைன், அதாவது பந்தயக் கணக்கு, போடுகிறவனுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். களைப்புக்கான புள்ளியை ஸ்பிரெட்டில் (எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற கணக்கு) சேர்த்துவிட்டுத்தான் உங்களுக்குக் காட்டுகிறான். அது போக, 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் வைக்கச் சொல்வான். அந்தக் கணக்கில் நூற்றுக்கு 52.4 தடவைக்கு மேல் சரியாகச் சொன்னால்தான் கையில் ஏதாவது மிஞ்சும்.

2012 நவம்பர் 29 அன்று நான் சான் அன்டோனியோவில் மாணவன். அந்த ஊர் அணியான ஸ்பர்ஸின் ரசிகன், இன்றும் அப்படித்தான். அன்றிரவு மயாமியில் அந்த ஊர் அணியான ஹீட்டுடன் ஆட்டம். ஸ்பர்ஸுக்கு அது ஐந்து இரவுகளில் நான்காவது ஆட்டம், தொடர்ந்து ஆறாவது வெளியூர் ஆட்டம், முந்தின இரவுதான் ஆர்லாண்டோவில் ஆடியிருந்தார்கள். ஹீட்டோ நான்கு நாள் ஓய்வில். நீங்கள் தேடுவது இப்படிப்பட்ட ஆட்டத்தைத்தானே?

என் அறைத்தோழன், மதுரைக்காரன், ஹீட் பத்துப் புள்ளிக்கு மேல் ஜெயிக்கும் என்று வகுப்புத் தோழன் ஒருவனிடம் பெட் கட்டியிருந்தான். அதற்குள் செய்தி வந்தது: ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் பாப்பொவிச் தன் முக்கிய ஆட்டக்காரர்களான டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் ஓய்வுக்காக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "பழம் நழுவிப் பால்ல விழுந்திருச்சுடா" என்று பெட்டை இரட்டிப்பாக்கினான். "இறங்கப் போறவனுங்க நேத்து எத்தனை நிமிஷம் ஆடினானுங்கன்னு பார்த்தியா? இந்த மாதிரி ஒரு ராத்திரிக்காகத்தானே அவனுங்க காத்துக்கிட்டு இருக்கானுங்க" என்றேன். கேட்கவில்லை. எதிரே ஹீட்டின் நட்சத்திரங்கள் லெப்ரான், வேட், போஷ் மூவரும் இருந்தும், கடைசி நிமிடங்கள் வரை ஸ்பர்ஸ்தான் முன்னிலை. முடிவில் ரே ஆலன் ஒரு மூன்று புள்ளி அடித்து ஹீட்டைக் காப்பாற்றினார். 105-100. அவன் சொன்ன அணி ஜெயித்தது, அவன் காசு போனது. அப்புறம் லீக் ஸ்பர்ஸுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது, அது வேறு எரிச்சல்.

ஒரே ஆட்டத்தை வைத்துப் பேசுகிறான் என்று சிலர் கிளம்புவார்கள். சரி, பேசுகிறேன். களைப்பு என்பது நேற்று ஆடினார்களா என்ற ஒரே கேள்வி இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நேற்று ஓவர்டைம் போனதா, நள்ளிரவு விமானத்தில் நேர மண்டலம் தாண்டி வந்தார்களா, வந்து இறங்கிய இடம் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்திலிருக்கும் டென்வரா? லாஸ் ஏஞ்சல்ஸ் அணிகளான லேக்கர்ஸும் கிளிப்பர்ஸும் ஒரே அரங்கைப் பகிர்ந்த காலத்தில் இரண்டு இரவும் சொந்தக் கட்டிலில் தூங்கிவிட்டு வந்து ஆடிய பேக் டு பேக்கும் உண்டு. காகிதத்தில் எல்லாம் ஒன்றுதான்.

'நீ பந்தைத் தொட்டிருக்கியா' என்று கேட்பவர்களுக்கு: பள்ளி அணியில் ஆடியவன். ஆனால் பாதிப் பருவம் எங்கள் மைதானத்தில் ஆண்டு விழாப் பந்தல் நிற்கும். பந்தலுக்காகக் கழற்றிய கூடைப் பலகையைத் திரும்ப மாட்ட மாதக்கணக்காகும். இப்போது அங்கே ஆசிரியர்களின் கார் நிற்கிறது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்ட கதையை ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

நீங்கள் இந்தியாவில் இருந்தால், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் வந்த ஒன்றியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆப்பில் போட்ட காசு திரும்பவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இன்னொன்று. பாப்பொவிச் செய்ததை இன்று வெளிப்படையாகச் செய்வது கஷ்டம். 2023-இல் வந்த விதிப்படி, நன்றாக இருக்கும் இரண்டு நட்சத்திரங்களை ஒரே ஆட்டத்தில் உட்கார வைக்கக் கூடாது. பெரிய விருதுகளுக்கு 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். அதனால் ஆட்டத்துக்கு முன் வரும் காய அறிக்கையில் 'ஓய்வு' என்று எழுதாமல் 'முழங்கால் வலி' என்று எழுதுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். அந்த அறிக்கை வந்ததும் லைன் நகர்ந்துவிடும். நீங்கள் பல் விளக்கிவிட்டு வருவதற்குள்.