தாடை சின்னது, கிரகணம் காரணமில்லை

கேள்வி: என் மகள் பிறந்து 20 நாள் ஆகிறது. கீழ்த்தாடை உள்வாங்கினாற்போல் சின்னதாக இருக்கிறது. அண்ணத்தில் பிளவு. ‘பியர் ராபின்’ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மல்லாக்கப் படுத்தால் மூச்சு கர்கர் என்கிறது. பால் குடிக்க ஒரு மணி நேரமாகிறது. கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார். உண்மையா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: கிரகணத்தை முதலில் முடித்துவிடுவோம். இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாலும் இந்தத் தாடை இப்படித்தான் இருந்திருக்கும்.

கரு உருவாகி ஏழு முதல் பதினோரு வாரத்துக்குள் கீழ்த்தாடை முன்னால் வளர வேண்டும். அது வளர்ந்தால்தான் நாக்கு கீழே இறங்கும். நாக்கு விலகினால்தான் இரண்டு பக்க அண்ணமும் நடுவில் வந்து ஒட்டும். உங்கள் மகளுக்கு முதல் படியே தடுமாறிவிட்டது, மற்றவை அதைத் தொடர்ந்து வந்தவை. சிறுதாடையால் நாக்கு பின்னுக்குச் சரிந்து மூச்சை அடைப்பதைப் பிரான்ஸைச் சேர்ந்த பியர் ராபின் 1923-இல் விவரித்தார். சில குழந்தைகளுக்கு மரபணு மாற்றம் காரணமாக இருக்கும். பலருக்கு இது தனியாகவே வருகிறது.

பார்க்கிறவர்கள் எல்லாரும் அண்ணத்தைப் பற்றியே பேசுவார்கள். அதைத் தைப்பது பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள்தான், அவசரமில்லை. அவசரம் மூச்சும் எடையும். நீங்கள் போன் நம்பர் எழுதியிருந்ததால் அன்றே கூப்பிட்டு, குழந்தையை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மல்லாந்தால் நாக்கு தொண்டைக்குள் விழுகிறது, அதுதான் அந்தச் சத்தம். குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வைத்தால் பல குழந்தைகளுக்குச் சரியாகும். ஆனால் மற்ற குழந்தைகளை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்பதால், இதை டாக்டர் சொல்லாமல் செய்யாதீர்கள். தூங்கும்போது ஆக்சிஜன் அளவைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். அதிலும் சரியாகாவிட்டால் மூச்சுக்காக மூக்கு வழியாகக் குழாய், அரிதாகத் தாடை எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் அறுவை சிகிச்சை. நெஞ்சுக்குழி உள்ளிழுத்தாலோ உதடு நீலமானாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

அப்புறம் பால். அண்ணத்தில் பிளவு இருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகாது. குழந்தை சப்பிச் சப்பிக் களைத்துப்போகும், வயிற்றுக்குள் ஒன்றும் போகாது. பாலைப் பீய்ச்சி, நிமிர்த்திப் பிடித்து, பாலாடையிலோ அழுத்திக் கொடுக்கும் பாட்டிலிலோ கொடுக்கலாம். முதலில் நர்ஸ் பக்கத்திலிருந்து கற்றுத்தரட்டும். அரை மணிக்கு மேல் இழுத்தால் குடித்த பால் குடிக்கிற உழைப்புக்கே செலவாகிவிடும். அப்போது சில காலம் மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

பலர் மறந்துவிடுவது காதும் கண்ணும். அண்ணப்பிளவு உள்ளவர்களுக்குக் காதுக்குள் நீர் கோக்கும். சிலருக்கு ஸ்டிக்லர் என்ற மரபணுக் கோளாறும் சேர்ந்திருக்கும், அதில் கண்ணின் விழித்திரை பாதிக்கப்படலாம். இரண்டையும் சோதித்துவிடுங்கள். குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு உதவும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அண்ணப்பிளவும் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் கேளுங்கள். முதல் சில வருடங்களில் பல குழந்தைகளின் தாடை ஓரளவு வளர்ந்துவிடும்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிப் போங்கள். பாலாடை பிடிக்க உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.