இ20 பெட்ரோல்: பெங்களூரு வண்டிக்காரர்களின் சந்தேகங்கள்

அல்சூரில் இருந்து: 2014 மாடல் கார். இ20 வந்தபின் லிட்டருக்கு 15 கொடுத்தது 11 ஆகிவிட்டது. எத்தனால்தானே காரணம்?

ஓரளவுக்குத்தான். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் (கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி, எத்தனாலில் 21. எனவே 10 சதவீதக் கலப்பிலிருந்து 20க்குப் போனால் மைலேஜ் 3, 4 சதவீதம் குறையும். சுத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் பழைய வடிவமைப்புக் கார்களில் 6, 7 சதவீதம் என்று மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொன்னது. அதையே எடுத்தாலும் 15 என்பது 14 ஆகும், 11 ஆகாது. ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்று எல்லாம் பாருங்கள். புது ஆபீஸுக்கு, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு வழியாகப் போகிறீர்கள் என்றால், பழியை எத்தனால் மேல் போடாதீர்கள்!

கே.ஆர். புரத்தில் இருந்து: 2011 கார். ஊருக்குப் போகும்போது மட்டும் எடுப்பேன். மற்றபடி மாதக்கணக்கில் நிற்கும்.

எனக்குக் கவலை இந்த மாதிரி வண்டிதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் அதுவும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். இரும்பு டேங்க் துருப்பிடிக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் உப்பும், விரிசல் விடும். நிறுத்துவதற்கு முன் டேங்கை நிரப்பிவிடுங்கள், காற்றுக்கு இடம் குறையும். வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் தள்ளிப்போடாமல் ஜே.சி. ரோட்டில் இ20 தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்து: 2024 கார். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானவை இ20க்கு ஏற்ற பாகங்களோடு வருகின்றன.

கோரமங்களாவில் இருந்து: நல்லது என்று ஒன்றுகூட இல்லையா?

ஏன் இல்லை? எத்தனாலின் ஆக்டேன் (எரிபொருள் தானாகப் பற்றாமல் தாங்கும் திறனின் அளவு) 108 அளவில் இருக்கிறது; எஞ்சின் நாக்கிங், அதாவது தட்டும் சத்தம், குறையும். கச்சா எண்ணெய் இறக்குமதியும் கொஞ்சம் மிச்சம். கரும்பு தண்ணீர் குடிக்கும் பயிர் என்பது மறுபக்கம். கரும்பு விளையும் மண்டியா வழியாகப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மக்காச்சோளம், குருணை அரிசியிலிருந்தும் எடுக்கிறார்கள்.

சிவாஜிநகரில் இருந்து: சக்தி குறைந்த பெட்ரோலுக்கு அதே விலையா?

இந்தக் கோபம் நியாயமானது. மைலேஜ் இழப்புக்கு ஈடாக விலை குறைவாக இருக்க வேண்டும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கையும் சொன்னது.