பாசேஜும் ரேழியும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

மேடவாக்கம் அருகே கட்டப்பட்டுவரும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று படுக்கையறை வீடு வாங்க முன்பணம் கொடுக்கும் நிலையில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர்: நான், என் மனைவி, பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகன், மூட்டுவலியால் வாக்கர் பிடித்து நடக்கும் என் அம்மா. மனைவி ஓர் அமெரிக்க நிறுவனத்துக்காக மாலை ஆறரை முதல் இரவு இரண்டரை வரை வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்.

ஒரே தளத்தில் இரண்டு வரைபடங்களைக் காட்டுகிறார்கள். முதலாவதில் 24 × 12 அடியில் பெரிய ஹால், அதன் கோடியில் திறந்த சமையலறை. மூன்று அறைகளின் கதவுகளும் ஹாலின் ஒரே பக்கத்தில் திறக்கின்றன. விற்பனைப் பரப்பு 1,200 சதுர அடி, கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பு, 848. இரண்டாவதில் விற்பனைப் பரப்பு 1,190, கார்ப்பெட் ஏரியா 836. ஹால் சிறியது, அதிலிருந்து 14 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பாசேஜ் போகிறது, அறைகள் அதன் இருபுறமும் வருகின்றன. சமையலறைக்குத் தனிக் கதவு. சதுர அடி 7,500 ரூபாய். வெறுமனே நடந்துபோகும் இடத்துக்கு 4,20,000 ரூபாய் கொடுப்பதா? மனைவிக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்கிறார். இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன்.

க. ச., சென்னை

அன்புள்ள க. ச. அவர்களுக்கு,

முதலில் உங்கள் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது, அதுவும் உங்கள் கட்சிக்கே சாதகமாக. 7,500 ரூபாய் என்பது விற்பனைப் பரப்புக்கான விலை. லிப்ட், படிக்கட்டு, பொதுவழி ஆகியவற்றில் உங்கள் பங்கும் அதில் அடக்கம். மொத்த விலையான 89,25,000 ரூபாயை 836-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறக்குறைய 10,675 ரூபாய் வருகிறது; ஆகவே பாசேஜின் 56 சதுர அடிக்கு நீங்கள் கொடுப்பது ஆறு லட்சத்தை ஒட்டிய தொகை. போதாததற்கு, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவில் வெளிச்சுவரும் பால்கனியும் சேராவிட்டாலும் உட்சுவர்களின் கனம் சேரும் என்பதால், அந்த 836-உம் முழுக்கப் பாய் விரிக்கக்கூடிய இடம் ஆகாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இரண்டாவதையே எடுங்கள் என்கிறேன். முதல் வரைபடத்தில் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அறைக் கதவிலிருந்தும் சமையலறைக்கும், குளியலறைக்கும், வாசலுக்கும் கோடு போட்டுப் பாருங்கள். கதவுகள் எல்லாம் 24 அடி நீளச் சுவர் ஒன்றிலேயே இருப்பதால், அந்தச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு ஒரு சாமானும் வைக்க முடியாது. வைத்தால் நடக்க முடியாது. அந்தப் பட்டையின் பரப்பு 72 சதுர அடி. முதல் வீட்டிலும் பாசேஜ் இருக்கிறது, இரண்டாவதைவிடப் பெரிதாகவே இருக்கிறது. சுவர் எழுப்பாமல் அதை ஹாலின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மனைவியால் சொல்ல முடியாத காரணத்தை அவருடைய ஒரு நாளை அந்தப் படத்துக்குள் நடக்கவிட்டுக் கண்டுபிடிக்கலாம். இரவு இரண்டரைக்கு வேலை முடித்து மூன்று மணிக்குப் படுப்பவருக்கு, காலை ஏழு மணிக்கு மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைபடும்போது நடுத்தூக்கம். முதல் வரைபடத்தில் பெரிய படுக்கையறைக்கும் அந்த மிக்ஸிக்கும் நடுவே ஒரே ஒரு கதவு நிற்கிறது, அந்தக் கதவும் ஹாலைப் பார்த்தபடி. மாலையில் நிலைமை தலைகீழ்: அவர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்க, வெளியே தொலைக்காட்சியும் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடும் மிளகாய் தாளிக்கும் நெடியும் ஒரே ஹாலில் கலந்திருக்கும். திறந்த சமையலறை மேடைமேல் பழக்கூடை வைக்கும் வீடுகளுக்கு அழகானது. தினமும் கருவாடோ கடுகோ எண்ணெயில் விழும் வீடுகளுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பழைய தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழி என்று ஒன்று இருந்தது. அதையும் யாரும் வசிக்கும் இடமாகக் கணக்கிட்டதில்லை. ஆனால் வாசலில் நிற்பவர் கண்ணும் குரலும் கூடத்தில் படுத்திருப்பவரை எட்டாமல் பார்த்துக்கொண்டது அதுதான். உங்கள் பாசேஜ் அதே வேலையைச் செய்கிறது. நான் இப்போது இருக்கும் வீட்டில் பொதுக் கழிப்பறையின் கதவு சாப்பாட்டு மேசையிலிருந்து நான்கடியில் திறக்கிறது. பதினொரு வருடங்களாக, விருந்தாளி உள்ளே போனதும் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டுகிறோம். வாங்கும்போது நான் எண்ணியது அறைகளை மட்டும்தான்.

அம்மா விஷயத்தில் இரண்டாவது வரைபடமும் அப்படியே சரி என்று விட்டுவிட முடியாது. பாசேஜின் தொடக்கத்தில் உள்ள 10 × 10 அறையை அவருக்குக் கொடுங்கள், எதிரிலேயே குளியலறை. ஆனால் அந்தக் குளியலறையின் கதவு இரண்டரை அடி என்று போட்டிருக்கிறது. அது நிலையையும் சேர்த்த அளவாக இருந்தால், கதவைத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி இரண்டடிக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் இருக்கும். வாக்கர் ஒருக்களித்துத்தான் நுழையும். பூச்சுவேலைக்கு முன்பே அதை மூன்றடியாக்கவும், கதவு வெளிப்பக்கம் திறக்கவும், உள்ளே படி வராமல் தரை தாழ்வாக மட்டும் இருக்கவும் எழுத்தில் கேளுங்கள். உள்ளே ஒருவர் விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

முதல் வரைபடத்தின் மூன்றாவது அறை 9 × 9. அதாவது 81 சதுர அடி, ஏழரைச் சதுர மீட்டர். ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் உள்ள வீட்டில் சிறிய அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்ச அளவே அவ்வளவுதான். விதிக்குள் அடங்கும் அந்த அறைக்குள், ஆறரை அடி நீளக் கட்டிலைத் தலைமாட்டுச் சுவரோடு போட்டு, கால்மாட்டில் இரண்டடி ஆழத்துக்கு அலமாரி வைத்தால் மிச்சம் அரை அடி. அலமாரிக் கதவு கட்டிலில் இடிக்கும். விளம்பரப் படத்தில் இடிக்காததற்குக் காரணம், அதில் வரைந்திருக்கும் கட்டிலில் உங்கள் மகன் மட்டுமே கால் நீட்டிப் படுக்க முடியும் என்பதுதான். உங்கள் கட்டில், பிரிட்ஜ், கிரைண்டர், அம்மாவின் நாற்காலி எல்லாவற்றையும் அளந்து, இப்போதிருக்கும் மொட்டைமாடியில் சுண்ணாம்புக் கட்டியால் அறைகளை நிஜ அளவில் போட்டு ஒருமுறை நடந்து பாருங்கள்.

இரண்டாவதில் குறை இல்லாமல் இல்லை. பொங்கலுக்கு உறவினர் பத்துப்பேர் வந்தால் ஹால் நெரியும். பாசேஜின் கோடியில் ஜன்னல் இல்லாததால் பகலிலும் விளக்கெரியும். பெரிய படுக்கையறையின் கிழக்கு ஜன்னலில் காலை வெயில் விழும், மனைவிக்குக் கனமான திரை தேவைப்படும். ஆனால் பிற்பகலில் கடற்காற்று வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் என்பதால் அந்த ஜன்னலை நிரந்தரமாக அடைத்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கடிதத்தில் அம்மா வருகிறார், மனைவியின் வேலை நேரம் வருகிறது. அடுத்த வருடம் பொதுத்தேர்வு எழுதப்போகும் மகள் எந்த அறையில் உட்கார்ந்து படிப்பாள் என்பது வரவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு படங்களையும் அவளிடம் கொடுத்து, தன் மேசையை அவளே வரையச் சொல்லுங்கள்.