பதில் போடாத மெசேஜ்

அன்புள்ள மேடம்,

வியாசர்பாடியில் அரசுப் பள்ளியில் படித்து, எங்கள் வீட்டில் முதல் ஆளாக இன்ஜினியரிங் முடித்தவள் நான். இப்போது சோழிங்கநல்லூரில் சொந்த ஃப்ளாட். அசோசியேஷனில் யாரும் என்னைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. மழைநீர் சேகரிப்புக் கமிட்டிக்கு நானே பெயர் கொடுத்தேன், சிரித்தார்கள், அவ்வளவுதான். ஒருநாள் எந்த ஸ்கூல் என்று கேட்டார்கள், சொன்னேன், பேச்சே மாறிவிட்டது. மெயின்டெனன்ஸ் ஒரு மாதம்கூட நான் தள்ளிப்போட்டதில்லை, ஆனாலும் கமிட்டியில் இல்லை. பழைய சிநேகிதிகளும் இல்லை. ஒருத்தி மட்டும் தினமும் குட் மார்னிங் அனுப்புவாள், மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாளாம், இன்ஜினியரிங் எங்கே சேர்க்கலாம் என்று கேட்டிருந்தாள், போன் போட்டால் நேரில் வருகிறேன் என்பாள், கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்பார், எதுக்கு என்று விட்டுவிட்டேன். அதை விடுங்கள். இந்த அசோசியேஷன் ஆட்களை எப்படிச் சமாளிப்பது?

அன்புச் சகோதரி,

அதை விடுவதாக இல்லை.

அசோசியேஷனில் நடப்பது அவமானம்தான், உங்கள் கற்பனை இல்லை. ஆனால் தோழியை நீங்கள் தவிர்ப்பது செக்யூரிட்டிக்காக இல்லை. அவளோடு லிஃப்டில் யார் ஏறுவார்களோ, நீங்கள் எங்கிருந்து வந்தவர் என்று இன்னொரு முறை தெரிந்துவிடுமோ என்ற பயம் அது. ஸ்கூல் பெயரைக் கேட்டுப் பேச்சை மாற்றினார்களே, அவர்கள் கண்ணால்தான் இப்போது அவளைப் பார்க்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினர் 7 கோடிக்கும் அதிகமான ஃபேஸ்புக் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வந்தது. வசதியானவர்களோடு நட்பு அதிகம் இருக்கும் ஊர்களில் வளரும் ஏழைப் பிள்ளைகள், பின்னாளில் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்களாம். ஒரே இடத்தில் இருந்தும் பழகாமல் போவதுதான் இந்த நட்புக்குப் பாதித் தடை. சரி, உங்கள் தோழியின் மகளுக்குத் தெரிந்த வசதியான ஆள் யார்? நீங்கள்தான். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதில் சீட் கிடைத்தால் கட்டணம் அரசுடையது, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இதை யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் முதல் வருடம் இங்கிலீஷில் பாடம் புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும், அதை எப்படித் தாண்டுவது என்பதெல்லாம் உங்களைப் போல் படித்து வந்தவர்தானே சொல்ல முடியும்? இன்றைக்கே போன் போட்டு இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், கவுன்சிலிங் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறது.

கமிட்டி விஷயம் அப்புறம். அடுத்த பொதுக்குழுவில் எழுந்து, தமிழிலேயே, என் பெயர் ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் தேர்தலில் நில்லுங்கள்.