அம்மாவுக்கு ஐசியூவில் ‘கேண்டிடா ஆரிஸ்’ என்ற பூஞ்சை இருக்கிறது என்கிறார்கள், பார்க்கப் போகும் எங்களுக்கும் ஒட்டுமா?

ஐசியூவில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு இதனால் நோய் வருவது மிகவும் அரிது. பயப்படாமல் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் வெளியே வரும்போது கையைச் சுத்தம் செய்யாமல் மட்டும் வராதீர்கள், பக்கத்துக் கட்டிலில் வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு உங்கள் கை வழியாகவே அது போய்விடும்.

டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, தோலில் மட்டும் இருக்கிறதா, ரத்தத்தில் கலந்துவிட்டதா என்பதுதான். அக்குள், தொடை இடுக்கில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த ஸ்வாபில் மட்டும் வந்திருந்தால் பொதுவாக மருந்தே தரமாட்டார்கள். ரத்தத்தில் என்றால் உயிருக்கே ஆபத்து. வழக்கமான பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோல் பெரும்பாலும் கேட்காது, காஸ்போஃபஞ்சின் மாதிரி ஊசிதான் போடுவார்கள்.

2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து கண்டுபிடித்த பூஞ்சை இது, லத்தீனில் ஆரிஸ் என்றால் காது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் இதைச் சேர்த்தது.

இது எப்படிப் பரவுகிறது என்று புரிய ஆக்ஸ்ஃபோர்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு நரம்பியல் ஐசியூவில் 2015 முதல் 2017 வரை 70 பேரிடம் இந்தப் பூஞ்சை இருந்தது, சுவர், தரை, காற்று என்று தேடியும் பெரிதாக எதுவும் அகப்படவில்லை, கடைசியில் பார்த்தால் ஒவ்வொரு நோயாளியின் அக்குளிலும் மாற்றி மாற்றி வைத்த வெப்பமானி! அதை எடுத்த பிறகுதான் அடங்கியது. அதைப் படித்த நாளிலிருந்து பிபி பார்க்கக் கையில் சுற்றும் கஃப்பை எடுத்தாலே வெல்க்ரோ மடிப்பை விரித்துப் பார்ப்பேன், அந்தச் சொரசொரப்பில் தோல் தூள் அப்பியிருக்கும், மேலோட்டமாகத் துடைத்தால் போகவே போகாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில்கூட இது பொருள்களின் மேல் உயிரோடு இருக்கும், பல ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகத் துடைக்கும் சில கிருமிநாசினிகளுக்குச் சரியாகச் சாகாது, குளோரின் கலந்தது வேண்டும்.

அதனால் அம்மாவுக்கென்று தனி கஃப், தனி தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். அப்புறம், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால், மாதங்கள் கழித்தாகவே இருந்தாலும், அட்மிஷன் போடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறார்களா என்றும் பார்த்து வாங்குங்கள்.