இரத்தம் நோர்மல் என்றால் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. இரத்தப் புற்றுநோய் என்று மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். இப்போது இரத்தம் நோர்மல், முடியும் வளர்ந்துவிட்டது. ஆனால் இன்னும் ஒன்றரை வருடம் குளிசை கொடுக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் எனக்குத் தோட்டத்தில் இரண்டு நாள் பேர் (நாட்சம்பளம்) போகிறது. "வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சுகமாகும், நம்ம பிள்ளைகளுக்கு உடம்பு தாங்காது" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், டிக்கோயா

பதில்: நிறுத்த வேண்டாம். இந்த வயதில் அதிகம் வருவது தீவிர லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய் வகை. நீங்கள் சொல்லும் சிகிச்சைக் காலமும் அதற்கே பொருந்துகிறது. நோயைக் கண்டுபிடிக்கும்போது உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றுக்கலங்கள் இருக்கும். நுணுக்குக்காட்டியில் இரத்தம் நோர்மலாகத் தெரியும்போதும் ஆயிரம் கோடி வரை ஒளிந்திருக்கலாம். மிச்சக் குளிசை அவற்றுக்குத்தான்.

சொந்தக்காரர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. பணக்கார நாடுகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகளில் அவ்வளவு இல்லை. ஆனால் பழியை உடம்பின் மேல் போடாதீர்கள். தெற்காசியப் பிள்ளைகள் சிலருக்கு மரபணு காரணமாக மெர்கெப்டோபியூரின் என்ற குளிசை அதிகமாகத் தாக்கும் என்பது சரி. அதற்குத்தான் இரத்தம் பார்த்து அளவைக் குறைக்கிறோம்.

சிகிச்சையை முடிக்க வசதி இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பிரேசிலில் ரெசிஃபே என்ற நகரத்தில் 1980களில் நூறு பிள்ளைகளில் 16 பேர் சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள். தங்க இடம், பயணச் செலவு, பயிற்சி பெற்ற தாதியர், தனிப் பிரிவு எல்லாம் ஏற்பாடானதும், 2002 அளவில் அப்படி விடுபவர்கள் இருநூற்றில் ஒருவர்தான். நோய் திரும்பாமல் ஐந்து வருடம் கடந்தவர்கள் 32 வீதத்திலிருந்து 63 வீதமானார்கள். அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்றில், நூறு வேளைக்கு 95க்குக் குறைவாகக் குளிசை எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே அந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

அதனால் பேர் போகிற கதையைக் கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதுவும் சிகிச்சையைச் சேர்ந்த விஷயம்தான். இடையில் வரும் இரத்தப் பரிசோதனையைக் கிட்டடி ஆஸ்பத்திரியில் செய்யலாமா என்று கேளுங்கள். தோட்ட ஆபிஸில் காட்ட ஒரு கடிதமும் வாங்குங்கள். குளிசை உறையில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மெர்கெப்டோபியூரின் தினமும், சில நாள் ஒன்று சில நாள் அரை என்றுகூட இருக்கும். மெதொட்ரெக்சேட் என்ற மற்றக் குளிசை வாரத்தில் ஒரே நாள்தான். அதைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். ஒரு வேளை தவறினால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் தொட்டால் பெனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு, இரவானாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், பிள்ளை புற்றுநோய் மருந்து எடுக்கிறான் என்பதை முதலில் சொல்லுங்கள்.