ராத்திரி முழுக்க மின்னும் வாட்ச்: வாங்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். காய்ப்பு சமயத்தில் ராத்திரி காவலுக்கு நானேதான் போவேன். வெளிச்சமே காட்டாமல் விடிய விடிய மின்னும் என்று சொல்லி, கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் ரூ.1,800க்கு வாட்ச் காட்டினார்கள். கதிர்வீச்சு வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வீட்டில் பயப்படும் சரக்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் அது ரூ.1,800க்குக் கிடைக்காது.

தானாக ஒளிரும் வாட்சின் முள்ளிலும் எண்களிலும் பொடிப் பொடியான கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். உள்ளே ட்ரிட்டியம் என்ற வாயு. ஹைட்ரஜனின் கதிரியக்க வகை. அது சிதையும்போது கிளம்பும் எலக்ட்ரான், குழாயின் உட்பக்கப் பூச்சில் மோத, பூச்சு ஒளிர்கிறது. பேட்டரியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். அந்த எலக்ட்ரானுக்குப் பலம் ரொம்பக் குறைவு. காற்றிலேயே சுமார் 6 மில்லிமீட்டர்தான் போகும். கண்ணாடியைத் தாண்டாது, தோலின் மேலுள்ள இறந்த படலத்தையும் தாண்டாது. கையில் தாராளமாகக் கட்டலாம். குழாய் உடைந்தால் மட்டும் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சங்கதி, கடைக்காரர் சொல்ல மாட்டார். ட்ரிட்டியம் 12.3 வருடத்தில் பாதியாகிவிடும். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் அது பாட்டுக்குக் குறைந்துகொண்டேதான் இருக்கும். அதனால் தயாரித்த வருடத்தைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

தாத்தா காலத்து ஒளிரும் வாட்ச் வீட்டில் கிடந்தால் அது வேறு கதை. அதில் ரேடியம் பூசியிருக்கலாம். மின்னுவது நின்றுபோயிருந்தாலும் ஏமாறாதீர்கள், செத்தது ரேடியத்தோடு கலந்த ஒளிரும் பொருள்தான், ரேடியம் இல்லை. ரேடியம் பாதியாகவே 1,600 வருடம் ஆகும். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டவே வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது.

சரி, உங்கள் கடை வாட்சுக்கு வருவோம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். தனித்தனிக் குழாய் தெரியாமல் வெறும் பூச்சாக இருந்தால், அது வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும் வகை. கதிர்வீச்சே கிடையாது, வீட்டில் சொல்லிவிடுங்கள். ஆனால் ‘விடிய விடிய’ என்பது வியாபாரப் பேச்சு. தோப்புக்குக் கிளம்புமுன் டார்ச் அடித்தால் முதல் சில மணி நேரம் பளிச்சென்று இருக்கும், அப்புறம் மங்கும். காவலுக்குப் போகிறவர் கையில் டார்ச் இல்லாமலா இருக்கும், நடுவில் ஒருமுறை அடித்துக்கொள்ளலாம். இதற்கு ரூ.1,800 ஜாஸ்தி, பேரம் பேசுங்கள்.